அத்தாவின் முதுகு, என் முதுகு

முதலில் காலுறைதான் போட முடியாமல் போனது.

பெருமாள்மலையில் டிசம்பர் மாதக் காலையில் காலுறை இல்லாமல் தரையில் கால் வைக்க முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தேன். கை கெண்டைக்கால் வரை போய் நின்றுவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. இடுப்புக்கு மேலே உடம்பு ஒரே துண்டாக இருந்தது. அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி சபீனா, நான் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"பனியில துண்டு கட்டாமத் திரியிறீங்க. இடுப்புல எறங்கிருச்சு" என்றாள். குனிந்து அவளே மாட்டிவிட்டாள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்குக் கடை இருக்கிறது. தைலம், ஹோம்மேட் சாக்லேட், ஸ்வெட்டர் எல்லாம் விற்கிறோம். வத்தலக்குண்டு வரை குட்டியானையை (சிறிய சரக்கு வண்டி) ஓட்டிப்போய்ச் சரக்கு ஏற்றி வருவதும் நான்தான். முதுகு என்று ஒன்று இருப்பதையே அதுவரை நினைத்ததில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக, அல்லது இன்னும் பெயர் தெரியாத முதுகுவலியோடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு வந்தது நடந்தால் குறைகிற வலி. உட்கார்ந்தால், படுத்தால் கூடுகிற வலி. விடிவதற்கு முன்பே எழுப்பிவிடும். எழுந்து வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தால் மெதுவாக இளகும். கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்ததும் மறுபடி இறுகத் தொடங்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால், சுளுக்கு என்றோ குளிர் என்றோ விட்டுவிடாதீர்கள்.

நான் விட்டுவிட்டேன். ஏறக்குறைய இரண்டு வருடங்கள்.

எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே பார்த்து, தட்டு (இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் பகுதி) விலகியிருக்கலாம் என்றார். பெல்ட் கொடுத்தார். இரண்டு வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். அந்த இரண்டு வாரத்தைப் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் இல்லை. படுக்கப் படுக்க உடம்பு கட்டிலோடு சேர்ந்து மரமாகிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடவேண்டும் போல இருக்கும். எழவே முடியாது. கடைசியில் பெல்ட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, மலைச்சாலையில் வெகுதூரம் மழையில் நடந்துபோய்த் திரும்பினேன். வீடு திரும்பியபோது குனிந்து செருப்பைக் கழற்ற முடிந்தது. சபீனாவுக்குக் கோபம். எனக்கோ குழப்பம். மருத்துவர் சொன்னதற்கு நேர்மாறாக உடம்பு சொல்கிறது. யாரை நம்புவது?

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்கமுடியவில்லை. வாடிக்கையாளர் ஸ்வெட்டரை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் கடைவாசலுக்குப் போய்விடுவேன். திரும்பி வருவேன். மறுபடி போவேன். தங்களைக் கிளப்பப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிலர் வாங்காமலே போனார்கள்.

இந்த இடத்தில் என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவின் முதுகு வளைந்தது. லேசான கூன் இல்லை. இடுப்பிலிருந்து தலைவரை ஒரே வளைவு. பார்வை எப்போதும் தரையில் நாலைந்து அடி தள்ளியே விழும். உயரமான ஆளோடு பேசவேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உடம்பையே பின்னால் சாய்ப்பார். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. ஆளே திரும்புவார். பள்ளிவாசலில் பல வருடங்களாகப் பின்வரிசையில் நாற்காலி போட்டுத்தான் தொழுகிறார்.

வாலிபத்தில் அவர் பண்ணைக்காட்டில் மிளகும் காப்பியும் வாங்கி, மூட்டைகளைத் தானே சுமந்து ஜீப்பில் ஏற்றியவர். அந்தச் சுமைதான் முதுகை வளைத்தது என்று ஊரே சொல்லும். அவரும் அப்படித்தான் சொல்வார். கொஞ்சம் பெருமையோடும் சொல்வார். "இந்தக் கடை எம் முதுகுல ஏறி வந்தது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது நோயாகத் தோன்றியதே இல்லை. அத்தா என்றால் அந்த உருவம்தான்.

பிறகு ஒருநாள் என் இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கடைக்கு எதிரே நிற்கும் வேன்கள் புகைக்குள் நிற்பதுபோலத் தெரிந்தன. மதுரைக்குப் போக வேண்டும். ஒற்றைக்கண்ணோடு தனியாக அனுப்ப அத்தா சம்மதிக்கவில்லை. கூடவே வந்தார்.

கண் மருத்துவர் கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். "யுவியைட்டிஸ்" என்றார் (கண்ணின் உட்படலத்தில் வரும் அழற்சி). மருந்து எழுதப்போனவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "காலையில எந்திரிக்கும்போது முதுகு இறுகியிருக்குமா?"

நான் கண்ணுக்காக வந்தவன். முதுகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. இவருக்கு எப்படித் தெரியும் என்று பயமாகவே இருந்தது. ஆமாம் என்றேன். அவர் என்னை மாடியிலிருந்த மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கீழ்முதுகில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். குனியச் சொல்லி, அந்தக் கோடுகள் எவ்வளவு விலகுகின்றன என்று டேப்பால் அளந்தார். மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். என் பின்தலை சுவரைத் தொட்டது. "நல்லது" என்றார். அந்த நல்லதுக்கு என்ன பொருள் என்று அப்போது தெரியவில்லை.

ஸ்கேனுக்குப் பிறகு பெயரைச் சொன்னார். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கி, முதுகெலும்பை மெல்ல மெல்ல இறுக்கிவிடும் நோய்). என் இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் சேரும் மூட்டு இரண்டு பக்கமும் புண்பட்டிருந்தது.

முதுகெலும்பின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முதுகெலும்பு ஒற்றை எலும்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகள். ஒவ்வொன்றும் அடுத்ததோடு முன்பக்கம் தட்டினாலும் பின்பக்கம் இரண்டு சிறு மூட்டுகளாலும் சேர்கிறது. ஒரு மூட்டு தனியாக அசைவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சங்கள் எல்லாம் கூடித்தான் நாம் குனிகிறோம், நிமிர்கிறோம், திரும்புகிறோம். தலை திரும்புவதில் ஏறத்தாழப் பாதி, கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே நடக்கிறது. நடுமுதுகு விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் அடக்கமாகவே அசையும். கீழ்முதுகு நன்றாகக் குனியும், ஆனால் அதிகம் திரும்பாது. இந்த நோயில் மூட்டுகளும் அவற்றைக் கட்டியிருக்கும் நார்களும் அழற்சியில் வெந்து ஆறி, வெந்து ஆறி, கடைசியில் எலும்பாகவே மாறிவிடலாம். ஒரு மூட்டு இறுகும்போது பக்கத்து மூட்டு அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதற்கே நாளாகும்.

"சில குடும்பங்கள்ல இது தொடர்ந்து வரும். உங்க வீட்ல யாருக்காச்சும் முதுகு வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். அத்தா வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். எப்போதும் வருவதுபோலத் தரையைப் பார்த்தபடி உள்ளே வந்தார். மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயா, எவ்வளவு நாளா இப்படி?"

"சொமை தூக்குனதும்மா. மொளகு மூட்டை, காப்பி மூட்டை. வெரசா ஏத்தணும்னு முதுகுலயே அடிச்சது."

"வயசுல, காலைல எந்திரிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

அத்தா யோசித்தார். "இருந்துச்சு. வெள்ளனே எந்திரிச்சு நடந்தாத்தான் சோலி பாக்க முடியும்."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"மூட்டை தூக்குற எல்லாத்துக்கும் இருக்கும்னு நெனச்சேன்."

"கூடத் தூக்குனவங்களுக்கு முதுகு வளைஞ்சுதா?"

அத்தா தோள்துண்டை எடுத்து மடித்தார். "இல்ல" என்றார்.

அவரையும் சுவரோரம் நிறுத்தினார். குதிகால் சுவரில் இருந்தது. தலைக்கும் சுவருக்கும் நடுவே என் முழங்கை நீளத்துக்கு இடைவெளி. மருத்துவர் அளந்து எழுதிக்கொண்டார். இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, வலி நின்று ரொம்ப வருடமாகிவிட்டது என்றார் அத்தா. அசைவதற்கு மூட்டு மிச்சமில்லாததால் வலியும் இல்லை என்று மருத்துவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். ஒன்றாகிப்போன முதுகெலும்பு பார்வைக்குத்தான் உறுதி, சுலபத்தில் உடைந்துவிடும். "அவர் எப்பவாச்சும் விழுந்தா, சின்ன அடின்னாலும் கழுத்து ஒடைஞ்சிருக்குன்னே வச்சுக்கங்க. மல்லாக்க நேராப் படுக்க வச்சிராதீங்க. எப்படி வளைஞ்சிருக்காரோ அப்படியே முட்டுக்கொடுத்துக் கொண்டாங்க."

வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கினோம். அத்தா கண்ணாடித் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப எனக்கு வந்ததும் சீக்குதானா?"

"ஆமா அத்தா."

"மூட்டையில்ல?"

"இல்ல."

"சும்மா உக்காந்து தின்னுருந்தாலும் வளைஞ்சிருக்கும்."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். அன்று அந்த மருத்துவர் எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தார். அத்தாவிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டார். எங்களுக்காகச் சுமந்ததன் அடையாளம் என்று முப்பது வருடமாக நம்பி வந்த முதுகு, யாருக்கும் வரக்கூடிய ஒரு சீக்காகிவிட்டது. அதன்பிறகு பல வாரங்கள் அவர் கடைக்கு வரவில்லை.

எனக்கு மாத்திரைகள் தொடங்கின. அவை போதாமல் போனதும், காசநோய்ப் பரிசோதனை செய்துவிட்டு ஊசி ஆரம்பித்தார்கள். உயிரியல் மருந்து என்கிறார்கள் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கும் ஊசி). மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் விழித்தபோது வெயில் வந்திருந்தது. விடியும்வரை தூங்கியிருக்கிறேன். அதற்குமுன் எப்போது அப்படித் தூங்கினேன் என்று நினைவில்லை. நானே குனிந்து காலுறை போட்டேன். சபீனா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

ஆனால் மனது அடங்கவில்லை. வலி குறைந்ததும் பயத்துக்கு நிறைய நேரம் கிடைத்தது. வண்டியில் ஏறியதும் கழுத்தை இடமும் வலமும் திருப்பி, பின்கண்ணாடி வரை தெரிகிறதா என்று பார்ப்பேன். நேற்று தெரிந்தது இன்றும் தெரிகிறதா? வீட்டில் யாரும் இல்லாதபோது சுவரோரம் போய் நிற்பேன். தலை தொட்டால் ஒரு நிமிடம் நிம்மதி. அப்புறம் சரியாகத் தொட்டதா என்று சந்தேகம் வரும். அத்தா முற்றத்தில் நடந்து போனால், என் ஐம்பது வயது அங்கே நடந்துபோவது போல இருக்கும். அவரைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் என்னிடம் பேசவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அது நடந்தது. எங்கள் வீடு சாலைக்குக் கீழே, படிகளில் இறங்கிப் போகவேண்டும். மத்தியானத் தொழுகை முடிந்து வந்த அத்தா பாசிபிடித்த படியில் வழுக்கிவிட்டார். சபீனாவின் குரல் கேட்டு ஓடினேன். கடைசிப் படியில் ஒருக்களித்துக் கிடந்தார். நினைவு இருந்தது.

"கை மரத்துப் போய்க் கெடக்குலே" என்றார்.

அதற்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். ஒருவர் கால்மாட்டில், ஒருவர் தலைமாட்டில். "தூக்குங்கப்பா, உள்ள கொண்டுபோய் நேராப் படுக்க வைப்போம்" என்றார்கள்.

"தொடாதீங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. தலைமாட்டில் இருந்தவரின் கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் எனக்குச் சித்தப்பா முறை. "மழையில போட்டுப் பாக்குறியே, மனுசனாடா நீ" என்று கேட்டார். சபீனா குடையைப் பிடித்துக்கொண்டு, "அவுக சொல்றத கேளுங்க. கழுத்து ஒடைஞ்சிருக்கும்" என்றாள். அந்த வார்த்தையில்தான் எல்லோரும் கையை எடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. உடன் வந்த பணியாளர் தட்டையான பலகையையும் கழுத்துப் பட்டையையும் எடுத்து வந்தார். விழுந்தவரை நேராகக் கிடத்திக் கட்டவேண்டும் என்பதுதான் அவர் படித்தது. மற்ற எல்லோருக்கும் அதுதான் சரி.

"இவருக்கு நேர் கிடையாதுங்க. ரொம்ப வருசமா இப்படித்தான். நிமித்தினா ஒடைஞ்ச எலும்பு நரம்ப அறுத்துரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். நான் மதுரை மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பணியாளர் மழையில் நின்று கேட்டுவிட்டு, "தலகாணி எவ்வளவு இருக்கு?" என்று சபீனாவிடம் கேட்டார். வீட்டில் இருந்த தலையணை, போர்வை, கடைக்கு எடுத்துவைத்திருந்த ஸ்வெட்டர் கட்டு எல்லாம் வந்தன. அத்தாவின் வளைவுக்கு ஏற்றபடி அடுக்கி, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, உடம்பு கொஞ்சமும் நிமிராமல் ஏற்றினோம். மலைச்சாலை முழுக்க அந்தப் பணியாளர் அத்தாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். நான் எதிரே குந்தி உட்கார்ந்து, "விரல அசைங்க அத்தா" என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தேன். அசைத்தார். மதுரையில் இறங்கும்போது என் இடுப்பு இறுகி, நான் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கழுத்தின் கீழ்ப்பகுதியில் எலும்பு முறிந்திருந்தது. தண்டுவடம் (மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் நரம்புக் கற்றை) நசுங்கவில்லை. ஸ்கேனைப் பார்த்த அறுவை மருத்துவர், "நிமித்தியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். கம்பி வைத்துப் பிணைத்தார்கள். கைகளில் உணர்வு மெல்லத் திரும்பியது. வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னமும் மரத்தே இருக்கிறது.

வார்டில் ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஒன் ஊசி என்னிக்கு?"

அந்த வாரம் போட்டிருக்க வேண்டும். மறந்துபோயிருந்தேன்.

"தள்ளிப் போயிருச்சு அத்தா. பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? மொதல்ல போயிப் போட்டுட்டு வா." கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கினார். "என்னைய மாதிரி ஆயிராத."

அவர் தன் முதுகைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கீழே மருந்துக்கடைக்குப் போகும் வழியில் படிக்கட்டில் கொஞ்சநேரம் நின்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். பெரிதாக ஒன்றும் இல்லை. வயதில் அவருக்கு எந்தப் பக்கம் முதலில் பிடித்தது, எந்தக் காலத்தில் கூடியது என்று நான் கேட்பேன். யாரிடமும் சொல்லாத வலிகளை ஒன்றொன்றாகச் சொன்னார். ஒரு வருடம் கண் சிவந்து அப்படியே கிடந்ததையும் சொன்னார். நான் கேட்டது அவர் எனக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல. எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கிடைக்காத மருந்து எனக்குக் கிடைத்தது.

உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வலி உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா என்று கவனியுங்கள். கண் சிவந்தால் முதுகையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரிடமும் கழுத்தைக் கொடுத்து நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் கூன் விழுந்தவர் யாராவது இருந்தால், அதற்கு ஊர் சொல்லும் காரணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி எல்லோருக்கும் ஒரேபோல வேலை செய்யாது. எனக்கும் நாளைக்குச் செய்யாமல் போகலாம். மருந்தை மாற்ற வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்லித்தான் வைத்திருக்கிறார்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அத்தாவும் வந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாற்றம் இல்ல" என்றார். இருப்பவற்றிலேயே நல்ல செய்தி அதுதான் என்று நான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமானது. காலம் போயிருக்கிறது. எலும்பு அதோடு போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. அத்தாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். "சீட்டு கெடக்குல்ல, உக்காருங்க" என்றார் கண்டக்டர். உட்கார்ந்தால் பிடிக்கும் என்று விளக்கப் பொறுமையில்லை. நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அத்தாவின் உடம்பு இடுப்பிலிருந்து தலைவரை ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாகத் திரும்பி வந்தது. மேல்கம்பியைப் பிடித்து நின்ற எனக்கு, முதலில் இடுப்பு போனது, பின்னால் நடுமுதுகு, கடைசியாகக் கழுத்து. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் இருந்தது. இத்தனை வருடம் இந்தச் சாலையில் ஓட்டியும் அதை நான் உணர்ந்ததில்லை. அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தேன்.